பக்கத்து இடம்

ஜூன் 28, புதன்

லாத்வியா வந்து இரண்டு நாள் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. ஜன்னலில் போர்வையைக் கட்டிய பிறகுதான் பேத்தி ஈவா கண்ணை மூடினாள். எட்டு மாதம். தகப்பனைப் போல வெள்ளை, என்னைப் போலப் பிடிவாதம்.

என் மகள் ஹெப்சி இங்கே பழங்காலத்துச் சவக்குழிகளைத் தோண்டி எலும்பு பார்க்கிறாள். அதற்குத்தான் படித்தாள். டாக்டருக்குப் படி என்று அவள் அப்பாவும் நானும் தலைகீழாக நின்றோம். 2004 மே மாதம் பதினேழாம் தேதி, இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "செத்தவங்க சண்டை போட மாட்டாங்கம்மா, நான் அவங்களோட இருந்துக்கிடுதேன்" என்றாள். அந்த இட்லியை யாரும் சாப்பிடவில்லை. எருமைக்குப் போனது.

கோடை முழுவதும் இந்த ஓஸோல்காப்பி என்ற சிற்றூரில் வேலை. மருமகன் ஆந்திரிஸ் ரீகாவில் இருக்கிறார், சனிக்கிழமை வருவார். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டி வந்தாள். மூன்று வருடமாக "வா" என்று ஒரு வார்த்தை சொல்லாதவள், மே மாதம் கைப்பிள்ளையோடு ஊருக்கு வந்து, ஆறு வாரம் தங்கி, விசா வாங்கி, கையோடு அழைத்து வந்துவிட்டாள். அந்த ஆறு வாரத்தில் என் தங்கை எஸ்தரை இரண்டு முறை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பல்லுக்கு என்றாள். எனக்கு முழங்கால் வலி என்று சொன்னபோது தைலம் தடவச் சொன்னாள்.

எஸ்தர்பாய் கல்யாணம் ஆகாதவள். ஹெப்சி பிறந்த வருடம் ஒத்தாசைக்கு என்று வந்தாள். முப்பத்தாறு வருடமாக என் வீட்டிலேயே இருக்கிறாள். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க அக்கா" என்றாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது. நான் எங்கேயாவது போகிறேன் என்றால் சாப்பாட்டைக் குறைத்து முகத்தை அப்படி வைத்துக்கொள்வாள். 1998-இல் நான் மெட்ராஸ் போனபோதும் இதே கன்னம்தான்.

ஜூன் 30, வெள்ளி

பிள்ளைத் துணி பதினாறு துவைத்தேன். இங்கே கேஃபிர் என்று ஒரு புளித்த பால் விற்கிறார்கள். மோர்க்குழம்பு வைத்தேன். திரிந்து போய்விட்டது.

ஜூலை 5, புதன்

பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஹெப்சி வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அரை மணி நடை. வரகு மாதிரி ஏதோ பயிர் இருபுறமும் நிற்கிறது. கம்பத்தின் உச்சியில் வண்டிச்சக்கரத்தை மாட்டிவைத்திருக்கிறார்கள், அதில் நாரை கூடு கட்டியிருக்கிறது. மேடான ஒரு நிலம், நாலு பெரிய மரம். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுக்கிறார்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லறைத்தோட்டமாம். ஆணைக் கிழக்கே தலை வைத்தும் பெண்ணை மேற்கே தலை வைத்தும் புதைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. கூட வைத்த சாமானைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று சொல்லவேண்டும். இடது கையில் கனத்த காப்பும் பக்கத்தில் கோடாலியும் இருந்தால் ஊரில் பெரிய ஆள். கழுத்தில் வெண்கல வளையம் மூன்று நான்கும் தலையில் சுருள் கம்பிப் பட்டையும் இருந்தால் பெரிய வீட்டுப் பெண். ஒரு கத்தி மட்டும் இருந்தால் சாதாரணம்.

"ஒண்ணுமே இல்லேன்னா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லாதவங்களா இருக்கலாம். இல்ல, இருந்தும் யாரும் வைக்காதவங்களா இருக்கலாம். சட்டுனு சொல்ல முடியாதும்மா."

இதற்கு இவ்வளவு படிப்பு வேண்டுமா. எங்கள் செம்மணல்விளைக் கோயில்பிள்ளை, மணியடிக்கிறவன், ஐந்தாவது தாண்டாதவன், எங்கள் கல்லறைத்தோட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிடுவான். கோயிலை ஒட்டி முதல் வரிசை போதகர்மார். அடுத்தது நிலபுலன் உள்ளவர்கள், சலவைக்கல். மூன்றாவது வரிசை வாத்தியார்கள், கோயில் கமிட்டியில் இருந்தவர்கள், செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசியது. கடைசியில் கருவேல மரங்கள் பக்கம் சுவரோரம், கல்யாணம் ஆகாதவர்கள், ஆள் இல்லாதவர்கள். அங்கே சிலுவைகூட மரம்தான். இரண்டு மழைக்குச் சாய்ந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் வாத்தியார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பதினோரு வருடம் ஆகிறது. அவர் இடது பக்கம் என் இடம். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, என் பாதியை மண்ணாக விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் போய் என் இடத்தில் புல் பிடுங்குவேன். ஆறு மாதம் முன்னால் அடுத்த கல்லறைக்காரன் சிமெண்ட் பூசும்போது நாலு விரல் உள்ளே வந்துவிட்டான். உடைக்க வைத்தேன்.

இங்கே இருக்கும் மூன்று மாதமும் யார் புல் பிடுங்குவார்களோ. எஸ்தரிடம் சொல்லவில்லை. அது அவள் தொடவேண்டிய இடம் இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

இங்கே கோயிலில் ஒன்றும் புரியவில்லை. பாட்டு மட்டும் நம் பாட்டு ராகம்.

ஹெப்சி சாப்பிடும்போது, "சித்திக்கு அந்த நாசரேத் வாத்தியாரக் கட்டி வச்சிருக்கலாம்லம்மா" என்றாள். எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று தெரியவில்லை. 1991 தையில் வந்த வரன். அவன் கண் சரியில்லை, ஒரு பக்கமாகப் பார்ப்பான். அதனால் வேண்டாம் என்றேன். அப்போது ஹெப்சிக்கு நாலு வயது, எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த சமயம், மாடு இரண்டு, வீட்டுக்கு வெள்ளையடிப்பு வேறு. அதெல்லாம் காரணம் இல்லை. கண்தான் காரணம்.

எஸ்தர் அதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்று குழம்பில் உப்பு மட்டும் இரண்டு முறை போட்டாள். வேண்டுமென்றேதான்.

ஜூலை 14, வெள்ளி

ஹெப்சியின் மேலதிகாரி ஸ்கைத்ரீத்தே என்ற அம்மாள் இன்று வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், குழிக்குள் ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கிறாள். ஒரு பெண்ணின் கழுத்து மாலையைக் காட்டினாள். வெண்கல மணிகளுக்கு நடுவே சோழி. நாம் பல்லாங்குழிக்குப் போட்டு விளையாடும் அதே சோழி.

"இது எங்க ஊர்க் கடல்ல உள்ளது" என்றேன். ஹெப்சி அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். ஆமாம், இந்தியப் பெருங்கடலிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது, இதைப் போட்டவள் வசதியானவள் என்றாள் அந்த அம்மாள். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம் சோழிக்கு இங்கே மரியாதை இருந்திருக்கிறது. நான் இறங்கியபோது விமான நிலையத்தில் அரிசிமாவைக்கூடப் பிரித்து மோந்து பார்த்தார்கள்.

மத்தியானம் பீட்ரூட்டில் ரோஸ் நிறத்தில் ஆறிப்போன சூப் கொடுத்தார்கள். நல்ல பசி, குடித்துவிட்டேன்.

ஜூலை 19, புதன்

இன்று குழியில் ஓர் ஆண். காப்பு, கோடாலி, ஈட்டிமுனை, எல்லாம் இருக்கிறது. பெரிய ஆள்தான். ஆனால் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை. துணி மக்கிப்போய் வெண்கலத்தின் பச்சையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் பெண்பிள்ளை நகை. ஒரு சின்னக் காப்பு, ஊசி, நாலைந்து சோழி.

ஸ்கைத்ரீத்தே அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பக்கத்துக் கல்லறைகளில் இது வேறு இடங்களிலும் அகப்பட்டிருக்கிறதாம். மனைவி தன் நகையைக் கழற்றிப் புருஷனோடு அனுப்புவாளாம். அவளுடைய அன்பு, அவள் வீட்டின் அந்தஸ்து, இரண்டுக்கும் அடையாளமாம். நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

நான் குழி ஓரத்தில் குனிந்து பார்த்தேன். பிறகு ஹெப்சியிடம், "பொண்டாட்டி வச்சது இல்லன்னு சொல்லு" என்றேன்.

"ஏன்?"

"பொண்டாட்டின்னா ஊரு பாக்கக் கழுத்துல போடுவா, கையில மாட்டுவா. துணியில சுத்தி ஒளிச்சு எதுக்கு வைக்கணும்? அன்னைக்கு அவ கையத் தட்டிவிட யாரு இருக்கா? அவதானே மொதல்ல நிக்கா. இது பின்னால நின்னவ வச்சது."

ஹெப்சி இதை உடனே சொல்லவில்லை. கையில் இருந்த பிரஷ்ஷை உதறினாள், தொப்பியைச் சரிசெய்தாள். அந்த அம்மாள் "என்ன, என்ன" என்று கேட்ட பிறகுதான் சொன்னாள். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் மகள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

2012 அக்டோபர் ஆறு, சனிக்கிழமை, மூன்றரை மணி, என் வீட்டுக்காரர் அடக்கம். பெட்டியை மூடப்போகிறோம், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பாருங்கள் என்றார் போதகர். நான் பார்த்தேன். ஹெப்சி பார்த்தாள். அவர் தம்பிமார் பார்த்தார்கள். எல்லாரும் விலகின பிறகு எஸ்தர் வந்தாள். கையில் மடித்த கைக்குட்டை இருந்தது. குனிந்து, அவர் சட்டை காலரைச் சரிசெய்கிற மாதிரி ஏதோ செய்தாள். கண்ணைத் துடைக்கத்தான் கைக்குட்டை என்று நினைத்தேன். ஆனால் அன்று எஸ்தர் அழவே இல்லை. நிமிர்ந்தபோது கை வெறுமையாக இருந்தது.

எங்கள் அம்மா அவளுக்குப் போட்ட ஒற்றைக் காப்பு அந்த வருட கிறிஸ்துமஸில் அவள் கையில் இல்லை. கேட்டேன். கிணற்றடியில் கழன்று விழுந்துவிட்டது என்றாள். கிணற்றில் ஆள் இறக்கித் தேடினேன். மூன்று நாள் தேடினேன். அவளும் மேலே நின்று கயிறு பிடித்தாள்.

பிள்ளைக்கு லேசாகச் சளி.

ஜூலை 27, வியாழன்

ஹெப்சி வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று போனில் பேசுகிறாள். முகம் வீங்கி வந்தாள். என்னவென்று கேட்டேன். ஸ்கைத்ரீத்தே திட்டிவிட்டார்கள் என்றாள். ஸ்கைத்ரீத்தே அந்த நேரம் என் அடுக்களையில் உட்கார்ந்து ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கோப்பை.

பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் அதற்குக் காரணம் பெரிதாக இருக்கும். தானாக வரட்டும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

எஸ்தர் போனை எடுக்கவில்லை. ஐந்து முறை போட்டேன். டவர் கெட்டுப்போயிருக்கிறது என்கிறாள் ஹெப்சி. செம்மணல்விளையில் டவர் எங்கள் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. நாலாயிரம் மைல் தள்ளி இருப்பவளுக்கு அது கெட்டது தெரிகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

காலை பத்தே கால். ஹெப்சி வேலைக்குப் போய்விட்டாள். அவள் மறந்து வைத்துவிட்டுப்போன டேப்பில் வீடியோ கால் அடித்தது. எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பொன்மணி முகம் தெரிந்தது. ஹெப்சியை எதிர்பார்த்திருப்பாள், என்னைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எஸ்தரக்கா காலைல போயிட்டா. நாலு மணிக்கு அடக்கம்."

டேப்பை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"வலி இல்லாமத்தான் போனா. கேன்சர்னா எப்படி எப்படியோ சொல்லுவாங்க, அவளுக்குக் கர்த்தர் எரங்கிட்டாரு. ஒங்க மனசு யாருக்கு வரும் அக்கா. கூடப் பொறந்தவளுக்கு அண்ணாச்சி பக்கத்துல ஒங்க எடத்தையே குடுத்துட்டீங்களே. ஊரே ஒங்களப் பத்தித்தான் பேசுது. குழி தோண்டியாச்சு."

"யாரு சொன்னா, நான் குடுத்தேன்னு?"

"நீங்க கையெழுத்துப் போட்டு ஹெப்சி குடுத்த கடுதாசிய போதகர் ஐயா கமிட்டில வாசிச்சாங்களே."

விசாவுக்கு என்று மே மாதம் ஒன்பது தாளில் கையெழுத்துப் போட்டேன். எட்டு தாள் இங்கிலீஷ், வழுவழுப்பு. ஒன்பதாவது சொரசொரப்பாக, மேல்பாதி மடித்த, கோடு போட்ட தாளாக இருந்தது. என் விரல் அப்போதே சொன்னது, நான் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை நீட்டுகிற தாளை யாராவது தடவிப் பார்ப்பார்களா.

ஊரில் அப்போது மணி பன்னிரண்டே முக்கால். மூன்றேகால் மணி நேரம் இருந்தது. போதகருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழியை மூடிவிட்டுச் சுவரோரம் வேறு குழி எடுப்பார்கள். பிள்ளையை வண்டியில் போட்டேன். டேப்பை அவள் காலடியில் வைத்தேன். அரை மணி நடையைக் கால் மணியில் நடந்தேன்.

ஹெப்சி குழிக்குள் முட்டி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்றேன்.

"மார்ச்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சித்தி சொல்லக் கூடாதுன்னா."

"அவ சொன்னா நீ கேப்பியோ? ஒன்னப் பெத்தது யாருட்டி?"

"பெத்தது நீதான்." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குத் தலை பின்னுனது, பரிச்சைக்கு முழிச்சது, மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி தேடிப் போனது எல்லாம் யாரு? நீ நெனச்சுப் பாரு."

"அதுக்கு என் எடத்தக் குடுத்திருவியோ? களவாணி மாதிரி கையெழுத்து வாங்கி?"

"கேட்டா நீ தருவியாம்மா?"

"தர மாட்டேன்."

"அதான்."

குழியைச் சுற்றி நின்றவர்களுக்கு ஒரு சொல் புரியாது. ஆனாலும் ஒவ்வொருவராகத் தள்ளிப் போனார்கள். ஸ்கைத்ரீத்தே வந்து ஈவாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள்.

"அவ கேட்டாளா, எனக்கு அங்கன வேணும்னு?"

"கேக்கல. சுவரோரம் போதும்னுதான் சொன்னா. எடம் நான் குடுத்தது. சித்தி என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன?"

ஹெப்சி கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"சொல்லுட்டி."

"அக்காவ எங்கயாவது கூட்டிட்டுப் போ. கடைசி மூணு மாசம் அந்த வீட்டுல நான் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்னா."

அதனால்தான் நான் லாத்வியா பார்த்தேன்.

பிறகு கேட்டேன். "ஒங்க அப்பா பெட்டியில அவ காப்ப வச்சது ஒனக்குத் தெரியுமா?"

"பாத்தேன்."

"அவங்களுக்குள்ள என்ன?"

"தெரியாது. நான் கேக்கல. அப்பா அவளுக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டாங்க, நீ அத மாட்டுக் கொட்டகைக்கு மாத்துன. அது தெரியும்."

அந்தக் கட்டிலுக்கு மூட்டைப்பூச்சி பிடித்திருந்தது. நான் மாற்றியது அதனால்தான்.

"சரி, நீ படிச்சவ, சொல்லு," என்றேன். "ஆயிரம் வருசம் கழிச்சு ஒன்ன மாதிரி ஒருத்தி செம்மணல்விளையில வந்து தோண்டுதா. வாத்தியாரு எலும்பு கெடக்கு. பக்கத்துல ஒரே கட்டுக்குள்ள ஒரு பொம்பள எலும்பு. வாத்தியாரு நெஞ்சுல ஒரு காப்பு. அவ கைக்குப் பொருந்துற காப்பு. யாரப் பொண்டாட்டின்னு எழுதுவா?"

ஹெப்சி கையுறையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நான் எங்க இருப்பேன் அந்த நோட்டுல?"

"அம்மா, எலும்பு எல்லாத்தையும் சொல்லாது."

"ஒன் வாயே எல்லாத்தையும் சொல்லல. எலும்பு எங்க சொல்லும்?"

டேப்பை நீட்டினேன். "ஐயாவுக்குப் போடு."

அவள் போடவில்லை. கையெல்லாம் மண். நானே போட்டேன். போதகர் எடுத்தார். பின்னால் எங்கள் வீட்டு முற்றம் தெரிந்தது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாரும் இருந்தார்கள். கமிட்டிச் செயலாளர் வந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு ஒரு நாளும் வணக்கம் சொல்லாத மனுஷன். அவர் பெண்சாதியும் கும்பிட்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் போதகர். "ஒங்க கடுதாசிய வாசிச்சப்ப அழாத ஆளு இல்ல. இப்ப எதும் மாத்தணுமா? ஒரு வார்த்த சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஹெப்சி குழிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிவரை மண். ஏழு வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு நின்ற அதே நிலை.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். செயலாளர் பெண்சாதி கேட்பாள், பொன்மணி கேட்பாள், தெற்குத்தெரு முழுக்கக் கேட்கும். மூன்றே நாளில் பதிலையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். முப்பத்தாறு வருடமாக என் வீட்டுச் சுவருக்குள் நான் மூடி வைத்ததை நானே என் வாயால் திறந்து கொடுத்தது ஆகும். இதை எழுதும்போது யோசிக்கிறேன். அப்போது இவ்வளவும் யோசித்தேனா, தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

"ஒண்ணும் மாத்த வேண்டாம் ஐயா. இடம் நான் குடுத்ததுன்னு ஜெபத்துல என் பேரச் சொல்லிச் சொல்லுங்க. ஞானக்கனி குடுத்தான்னு சொல்லுங்க. நல்ல சேலை கட்டியிருக்காளா?"

"ஊதா சேலைம்மா."

"அது நைஞ்சது. என் பீரோவுல மேல் தட்டுல வெள்ளைப் பட்டு இருக்கு. எனக்குன்னு வச்சது. அத எடுத்துக் கட்டச் சொல்லுங்க. சாவி அரிசிப் பானைக்குள்ள."

இங்கே ஒன்றரை மணிக்கு அவர்கள் சாமான் வைக்கும் கொட்டகையில் உட்கார்ந்து அடக்கத்தைப் பார்த்தேன். இருபுறமும் அட்டைப்பெட்டிகளில் எலும்பு. போதகர் என் பேரை இரண்டு முறை சொன்னார். பெட்டி இறங்கியது. என் பாதியில் மண் விழுந்தது. பதினோரு வருடம் புல் பிடுங்கிய மண், நல்ல உதிரியாக விழுந்தது.

ஹெப்சி பின்னால் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அம்மா, நீ இப்படிச் செய்வேன்னு நான் நெனைக்கல."

கையை எடுத்துவிட்டேன். எஸ்தருக்காகவும் செய்யவில்லை, இவளுக்காகவும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கஞ்சி வைத்தேன். பிள்ளைக்கு முதல் பல் தெரிகிறது. ஹெப்சியிடம் சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 16, புதன்

ஹெப்சியோடு பேசுவதில்லை. வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்கிறேன். "ஈவா, ஒங்க அம்மாட்ட உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு." அவளும் ஈவாவிடம் பதில் சொல்கிறாள்.

ஸ்கைத்ரீத்தே ஒரு பாட்டில் கருப்புப்பழ ஜாம் கொண்டுவந்தாள். ஹெப்சியை மொழிபெயர்க்கக் கூப்பிடாமல் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அந்தச் சின்ன மூட்டையின் படம் வரைந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு சொல்லை அடித்து வேறொன்று எழுதியிருந்தாள். அடித்த சொல்லைத் தொட்டுத் தன் மோதிர விரலைக் காட்டினாள், மனைவி. புதிய சொல்லைத் தொட்டுத் தன்னைக் காட்டி, என்னைக் காட்டி, ரோட்டில் சைக்கிளில் போன ஒருத்தியைக் காட்டினாள். ஒரு பெண். ஏதோ ஒரு பெண்.

நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தி எழுதினதை அடித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அந்தக் குழிக்காரன் பெண்சாதி பாவம் என்று தோன்றியது. அவளும் அன்று முன்னால்தான் நின்றிருப்பாள், ஒன்றையும் பார்த்திருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஹெப்சி இன்று பிள்ளையை விட்டுவிட்டு நேராக என்னிடம் பேசினாள்.

"எத்தன நாளைக்கும்மா?"

"1979-ல ஒங்க பெரியத்தை என் கல்யாணத்துல பந்தியிலேருந்து எந்திரிச்சுப் போனா. நான் இன்னும் அவகிட்டப் பேசல."

"அத்தை செத்து இருவது வருசம் ஆச்சு."

"அதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வரப்பார்த்தது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

செம்மணல்விளை. வந்து நாலு நாள்.

வீட்டைக் கழுவி வைத்திருக்கிறார்கள். கூடத்தில் ஜன்னலோரம், நான் உட்காரும் இடத்தில், அந்தக் கட்டில் கிடக்கிறது. தென்னந்தோப்புக் காற்று நேரே வரும் இடம். பொன்மணிதான் ஆள் வைத்துத் தூக்கிப் போட்டாளாம். எஸ்தர் மூன்று மாதமும் அங்கேயே படுத்து, ரேடியோ கேட்டு, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். "எஸ்தரக்காவுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னு எங்களுக்கே தெரியாதுக்கா" என்றாள் பொன்மணி. முப்பத்தாறு வருடத்தில் அவள் சிரித்த சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். இது இல்லை.

கட்டிலை நகர்த்தவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெண்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய மனசு என்கிறார்கள். செயலாளர் பெண்சாதி என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

எல்லாரும் போனபிறகு கல்லறைத்தோட்டத்துக்குள் போனேன். கோயில்பிள்ளை கிதியோன் பின்னாலேயே வந்தான். மூன்றாவது வரிசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவள் பக்கத்தில் அறுகு முளைத்திருந்தது. குனிந்தேன். பிறகு பிடுங்காமல் நிமிர்ந்துவிட்டேன்.

"ஹெப்சியம்மா கல்லுல என்ன எழுதன்னு கேட்டு எழுதியிருக்கு," என்றான் கிதியோன். "ஐயா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. எஸ்தர்பாய்னு போட்டு, கீழ என்ன போட?"

"சகோதரின்னு போடு."

"யாருக்குன்னு போட வேண்டாமா?"

"வேண்டாம்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப ஒங்களுக்கு எடம் எங்கம்மா பாக்க? மூணாவது வரிசையில இனிமே ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல கேட்டா இப்பக் கமிட்டி குடுத்துரும். ஒங்களுக்கு இல்லேங்க மாட்டாங்க."

நான் நடந்தேன். கருவேல மரங்கள் பக்கம் சுவர்வரை போனேன். மரச்சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. சுவர் நிழல் விழும் இடமாக ஒன்று பார்த்து, செருப்பால் நாலு மூலையும் கோடு கிழித்தேன்.

"இங்கன," என்றேன்.

கிதியோன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினான். "இங்க ஆளில்லாததுகதானம்மா கெடக்கும்."

"தெரியும். ரெண்டு பக்கமும் ஆறு அடி விட்டு வையி. வேற யாரையும் பக்கத்துல வைக்கக் கூடாது."